மூன்று மாதம் கத்திய எலி

எலி பிடிக்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு: வேலை சரியில்லை என்று எந்த எலியும் வந்து புகார் சொல்லாது. புகார் சொல்வதெல்லாம் மனுஷர்கள்தான்.

உங்கள் வீட்டிலும் எலி இருக்கும். விளக்குத் திரியைத் தின்றிருக்கும். கல்யாணப் புடவையில் ஜன்னல் வைத்திருக்கும். நீங்கள் வரிசையில் நின்று வாங்கிவந்த ரேஷன் அரிசியை, அது வரிசையில் நிற்காமலே எடுத்துக்கொண்டு போயிருக்கும். ஆக, நீங்களும் நானும் ஒரே கஷ்டத்துக்காரர்கள். அந்த உரிமையில் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஒரு ஆளை மூன்று மாதம் தினமும் ஏமாற்றின கதை என்னிடம் இருக்கிறது. கேட்டால் நிச்சயம் சிரிப்பீர்கள். ஆனால் இப்போதே சொல்ல மாட்டேன். எலி வளைக்கு நாலைந்து வாய் இருக்கும். எடுத்ததும் ஒரு வாயில் புகை போட்டால் மற்ற வாய் வழியாக எலி ஓடிவிடும். மற்றதையெல்லாம் மண் வைத்து அடைத்துவிட்டுத்தான் புகைச்சட்டியைத் தூக்க வேண்டும். கொஞ்சம் பொறுங்கள், அடைத்துக்கொண்டு வருகிறேன்.

என் பேர் கன்னிம்மா. வயது பதினாறு. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற ரோட்டில், ஒரு சரிவில் ஏற முடியாமல் பஸ் நின்று மூச்சு வாங்குமே, அங்கே இறங்கினால் எங்கள் இருளர் குடிசைகள். யுத்தத்தினால் பெட்ரோல் கிடையாது. பஸ்ஸெல்லாம் முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரியில் ஓடுகிறது. அந்த பஸ் இருமுவது மாதிரி நான் இருமினால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ரோட்டுக்கு ஓடி வருவார்கள். பாதிரி பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தேன். வாத்தியார் வெளியே போயிருந்தபோது அவர் குரலிலேயே லீவு விட்டேன். அதோடு படிப்பு முடிந்தது.

கரிக்காரர் வந்தார்

எங்கள் குடிசைகளுக்குப் பின்னால் ஒரு காடு இருக்கிறது. மேடு என்போம். காரை, சூரை, நுணா, உலக்கைப் பாலை என்று முள்ளும் மரமுமாக அடைந்து கிடக்கும். பட்டா பண்ணையார் பேரில் இருக்கிறது. ஆனால் எந்தப் புதருக்கடியில் கிழங்கு, எந்தக் கிளையில் எப்போது தேன், மழை விட்டதும் எந்தப் புற்றில் ஈசல் என்பதெல்லாம் குப்பு அத்தைக்குத்தான் தெரியும். அத்தை என் அப்பாவின் அக்கா. மேட்டைச் சுற்றிப் பண்ணையாரின் மல்லாட்டைக் கொல்லை, நிலக்கடலை போடுகிற நிலம். கொல்லையில் எலி. எலிக்கு அத்தையும் நானும்.

போன ஆனி மாசம் விழுப்புரத்திலிருந்து ஒரு கரிக் காண்ட்ராக்டர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். எதைச் சொன்னாலும் கடைசி வார்த்தையை இரண்டு தரம் சொல்லுவார். "மேட்டை எங்கிட்ட விடுங்க, விடுங்க. ஜல்தியா வெட்டி, சூளை போட்டு, பஸ்ஸுக்குக் கரி ஏத்திடறேன், ஏத்திடறேன். இந்த முள்ளை வச்சுக்கினு என்னா பேஜாரு, பேஜாரு." (இதைப் படிக்கும்போது ஒரு மூக்கை விரலால் அடைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் அவர் குரல் வரும்.) அத்தை குறுக்கே போய் நின்றாள். "வெட்டாதீங்க சாமி. எலியைத் திங்கிறதெல்லாம் அந்த மேட்டுலதான் குடியிருக்குது. மேடு போனா மல்லாட்டை பூரா எலிக்குத்தான்."

பண்ணையாருக்கு அண்டாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி குரல். "இந்த ஆடிப் பட்டம் பார்ப்போம் குப்பு. மல்லாட்டை முழுசா வீடு வந்தா மேடு நிக்கும். எலி தின்னுச்சுன்னா கோடாலிதான். என்னா நான் சொல்றது?" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மேடு போனால் நாங்கள் எல்லோரும் விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போய் எஞ்சினுக்குக் கரி அள்ள வேண்டியதுதான் என்று அத்தை முணுமுணுத்தாள். காண்ட்ராக்டர் குடையை மடக்கிக்கொண்டு சிரித்தார். "ஏம்மா, எலிக்கும் முள்ளுக்கும் என்னா சம்பந்தம், சம்பந்தம்? ஐப்பசில ஆளோட வர்றேன், வர்றேன்."

கொல்லையில் விட்ட திருடன்

ஆடி கடைசியில் பண்ணையார் வீட்டு வைக்கோல் போரில் ஒரு சாரைப்பாம்பு. பண்ணையாரம்மா உரல்மேல் ஏறி நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றாள். அத்தை போனாள், கொடியில் காயும் துணியை இழுப்பதுபோல் வாலைப் பிடித்து இழுத்தாள், தோளில் போட்டுக்கொண்டு நேரே மல்லாட்டைக் கொல்லைக்கு நடந்து, வரப்பில் இறக்கிவிட்டாள்.

பின்னாலேயே வந்த பண்ணையார் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏ குப்பு! திருடனைப் பிடிச்சு எங்க கொல்லையிலேயே விட்டுட்டியே!" அத்தை, "இது திருடன் இல்ல சாமி, போலீஸு. திருடன் வளைக்குள்ள இருக்கான்" என்றாள். சொல்லி வைத்தாற்போல் சாரை ஒரு எலி வளைக்குள் தலையை விட்டது, உடம்பு போயிற்று, வால் போயிற்று. பண்ணையார் குனிந்து வளைக்குள் எட்டிப் பார்த்தார். "போலீஸுன்னா சரி. எங்க சம்சாரம் குளிக்கிற பக்கம் ரோந்து வர வேணாம்னு சொல்லிடு."

பசித்த பண்ணையார்

களை எடுக்கிற நாள். வெயில் கொளுத்துகிறது. சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. பண்ணையார் வேப்பமர நிழலில் கயிற்றுக் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார். நான் மரத்துக்குப் பின்னால் போய் வயிற்றை எக்கி, அண்டாக் குரலை எடுத்தேன். "போங்கடா, போய்க் கூழு குடிங்க! என்னா நான் சொல்றது?" அத்தனை பேரும் களைக்கொத்தைப் போட்டுவிட்டு நடந்தார்கள்.

சத்தத்தில் பண்ணையார் விழித்துக்கொண்டார். காலியான கொல்லையைப் பார்த்தார். நான் மரத்தோடு ஒட்டிக்கொண்டேன். "எவன்டா போகச் சொன்னது?" என்றார். கடைசியாகப் போய்க்கொண்டிருந்த ஆள் திரும்பி, "நீங்கதானுங்களே" என்றான். பண்ணையார் யோசித்தார், வயிற்றைத் தடவினார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவரும் வீட்டைப் பார்த்து நடந்தார். "நான் சொல்லியிருந்தா சரியாத்தான் இருக்கும்."

வேகாத தலை

காட்டு வள்ளிக் கிழங்கு எடுக்க அத்தைக்கு ஒரு முறை உண்டு. கொடிக்குப் பக்கவாட்டில் தோண்டுவாள். கிழங்கை அறுப்பாள். கொடியோடு ஒட்டின தலையை மட்டும் அதே குழியில் வைத்து, மண்ணைத் தள்ளி, குதிகாலால் இரண்டு மிதி மிதித்து, "பொழைச்சுக்கோ" என்பாள். அடுத்த வருஷம் அதே குழியில் அதே கிழங்கு இருக்கும். தலையைப் புதைக்காமல் வந்துவிட்டேன் என்று ஒரு தடவை என்னை நடு வழியிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறாள், அதுவும் மழையில்.

பண்ணையார் ஒரு நாள் தனக்கும் கிழங்கு வேண்டும் என்றார். அத்தை எடுத்துக் கொடுத்ததைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நல்ல பாகத்தை மண்ணில் ஒளித்துவிட்டு மிச்சத்தைத்தான் நம்மிடம் தள்ளுகிறாள்! நாங்கள் இறங்கினதும் அவரே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்கத் தோண்டி, நாலு தலையையும் மடியில் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

மறுநாள் திறந்து கிடந்த குழிகளைப் பார்த்தவுடனே அத்தைக்குப் புரிந்துவிட்டது. கால் தடமும் குழியும் அப்படி. புதைத்துவைத்த யானையைத் தோண்டின மாதிரி இருந்தது. நேரே பண்ணையார் வீட்டுக் கொல்லைப்புறம் போய், "அம்மா, அந்தத் தலைங்களைக் குடுத்துடுங்க, மறுபடி வச்சிடறேன்" என்றாள். மூன்று அடுப்பில் போய்விட்டது. ஒன்றுதான் மிச்சம். அதை வாங்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். பண்ணையாரம்மா வாசற்படியில் நின்று என்னிடம் சொன்னாள்: "ஒரு நாள் பூரா வேக வச்சேண்டி. தண்ணிதான் வெந்துச்சு."

எலி கத்த ஆரம்பித்தது

மற்ற வாயெல்லாம் அடைத்தாயிற்று. இனிமேல் புகை.

குப்பு அத்தைக்கு எறும்பு நடந்தால்கூடக் கேட்கும் என்று எங்கள் சனத்தில் பேர். மண்ணில் குப்புறப் படுத்துக் காதை வைத்து, எலி எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறது என்று சொல்லுவாள். அப்படிப்பட்ட காதை ஏமாற்றினால் எப்படியிருக்கும்! ஆவணியில் ஒரு காலை, வரப்புக்குப் பின்னால் உட்கார்ந்தேன். புறங்கையை உதட்டில் அழுத்திக் காற்றை வெடுக்கென்று உள்ளே இழுத்தால், பொறியில் மாட்டின எலி மாதிரி சத்தம் வரும். க்ரீச். க்ரீச் க்ரீச். அத்தை கையிலிருந்த மண்வெட்டியைப் போட்டாள். படுத்தாள். காதை வைத்தாள். நாலு காலில் தவழ்ந்து வந்து, எனக்கு மூன்று கை தூரத்தில் ஒரு குழி தோண்டினாள். "இங்கதான கத்துச்சு... எங்க போச்சு, எங்க போச்சு?" நான் பாவாடை ஓரத்தை வாயில் திணித்துக்கொண்டேன். அப்படியும் கொஞ்சம் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. தும்மல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அத்தை என்னையே காவலுக்குப் போட்டாள்! "நாளைக்குக் கெழக்கு வரப்புல குந்திக்கினு இரு. காலைல ஒரு தரம், பொழுது சாயறப்ப ஒரு தரம். கத்துச்சுன்னா ஓடியாந்து சொல்லு." கிழக்கு வரப்பில் ஒரு வாரம் கத்தினேன். வடக்கு வரப்புக்குப் போகச் சொன்னாள். அங்கேயும் கத்தினேன். அத்தை தினமும் ஓடி வருவாள், படுப்பாள், தோண்டுவாள், ஏமாறுவாள். புரட்டாசிக்குள் குட்டி எலி, கிழட்டு எலி, புருஷனோடு சண்டை போடுகிற எலி என்று ஏழெட்டுக் குரல் எனக்கு அத்துப்படி. அத்தை இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து சொல்லுவாள்: "இது பொல்லாத எலிடி கன்னிம்மா. இதை நான் விடறதா இல்ல."

நாலு முள்

இந்த விளையாட்டுக்கு இடைஞ்சல் இல்லாமல் இல்லை. காலையில் கத்த உட்கார்ந்தால் மேட்டிலிருந்து ஒரு வல்லூறு வந்து வேலமரத்தில் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்க்கும். மண்ணாங்கட்டியால் அடித்தாலும் அடுத்த கிளைக்குத்தான் போகும். கீரி ஒன்று என் பாதத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று, 'எங்கே?' என்று கேட்கிற மாதிரி தலையைத் தூக்கும். ஒரு நாள் பொழுது சாயும் நேரம், மெய்மறந்து கத்திக்கொண்டிருக்கிறேன், சத்தமே இல்லாமல் ஒரு கூகை ஆந்தை வந்து என் புறங்கையில் பளாரென்று இறங்கியது. கிண்ணம் மாதிரி வெள்ளை முகம். நான் போட்ட கூச்சலில் அதுவும் பயந்து, நானும் பயந்து, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம்.

கையில் வரிசையாக நாலு கீறல். அத்தையிடம் சூரை முள் கிழித்துவிட்டது என்றேன். அத்தை ஏதோ ஒரு பச்சிலையைக் கசக்கிப் பிழிந்து கட்டினாள். கேள்வி கேட்கவில்லை. ஏமாந்தவர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. கட்டை இறுக்கிக்கொண்டே அவள் சொன்னாள்: "நல்லா எண்ணத் தெரிஞ்ச முள்ளுடி. நாலோட நிறுத்திக்கிச்சு."

மல்லாட்டை பிடுங்கின நாள்

ஐப்பசியில் மல்லாட்டை பிடுங்கினார்கள். காண்ட்ராக்டர் சொன்னபடியே வந்தார், இரண்டு கோடாலி ஆட்களோடு. அவர்கள் வரப்பில் உட்கார்ந்து கோடாலியைக் கல்லில் தீட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சத்தம் அத்தைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. செடியைப் பிடுங்கப் பிடுங்கக் காய் கொத்துக் கொத்தாக வந்தது. எலி கடித்த காய் அங்கொன்றும் இங்கொன்றும்தான். வளைகளைத் தோண்டினால் முக்கால்வாசி காலி. பண்ணையார் ஒரு கைப்பிடி மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். "எலி எங்க போச்சு குப்பு?"

"மேட்டுலருந்து வந்தாங்க, தின்னுட்டாங்க, போய்ட்டாங்க சாமி" என்றாள் அத்தை. காண்ட்ராக்டர் விடவில்லை. "சும்மா சொல்றா, சொல்றா. இந்த வருஷம் எலியே கம்மி, கம்மி. மேடாவது ஒண்ணாவது, ஒண்ணாவது." பண்ணையார் மேட்டைப் பார்த்தார், கோடாலியைப் பார்த்தார். "அதுவும் நாயம்தான். மேட்டாலதான்னு நான் எப்படி நம்பறது? கண்ணால காட்டு குப்பு." தீட்டின கோடாலியோடு ஒரு ஆள் எழுந்து நின்றான். அத்தை தலையைத் திருப்பாமலே என்னைக் கூப்பிட்டாள். "கன்னிம்மா, அந்த எலியைக் கொஞ்சம் கத்தச் சொல்லு." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்த எலி அத்தே?" "மூணு மாசமா நம்ம வரப்புல குந்திக்கினு கத்துதே, பாவாடை கட்டின எலி. அதைத்தான்."

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். பிடுங்காமல் விட்டிருந்த கடைசி வரிசைச் செடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து புறங்கையை உதட்டில் வைத்தேன். நாக்கு உலர்ந்து கிடந்தது. கரி பஸ் விடுகிற மாதிரி வெறும் காற்றுதான் வந்தது. கோடாலிக்காரர்கள் சிரித்தார்கள். எச்சிலைக் கூட்டிக்கொண்டு மறுபடி இழுத்தேன். க்ரீச். ஒன்றுமில்லை. காண்ட்ராக்டர் "போதும், போதும்" என்று குடையை விரித்தார். மூன்றாவது தரம், உயிர் போகிற எலியாகவே கத்தினேன். மேட்டின் உச்சிப் பாலை மரத்திலிருந்து வல்லூறு கிளம்பியது. தாழப் பறந்து, நேரே வந்து, காண்ட்ராக்டரின் குடையை உரசிக்கொண்டு போய், அவர் தலைக்கு மேலிருந்த வேலங்கிளையில் உட்கார்ந்தது. அவர் குடையோடு தரையில் உட்கார்ந்து அதற்கடியில் ஒளிந்துகொண்டார். அந்தப் பக்கம் காரைப் புதரிலிருந்து கீரி தலையை நீட்டியது. பண்ணையார் வாயிலிருந்த மல்லாட்டையை மென்று விழுங்க மறந்துபோனார். அப்புறம் அண்டாக் குரல் வந்தது. "காண்ட்ராக்டரே, ஆளுங்களைக் கூட்டிக்கினு கிளம்புங்க. என் கொல்லைக்குக் கூலி வாங்காம வேலை செய்றவங்க அங்க குடியிருக்காங்க. அவங்க வீட்டைப் பிரிச்சுக் கரி போடறதுக்கு நான் என்ன பைத்தியமா? என்னா நான் சொல்றது?"

காண்ட்ராக்டர் பஸ் ஏறினதும் அத்தையின் கையைப் பிடித்து நிறுத்தினேன். "அத்தே, உனக்கு எப்பலருந்து தெரியும்?" "மொத நாள்லருந்து. எந்த எலிடி கத்திட்டுச் சிரிக்கும்?" எனக்குக் கோபம் வந்தது. "பின்ன எதுக்குத் தெனம் ஓடியாந்து, மண்ணுல காதை வச்சு, தோண்டித் தோண்டி, எங்க போச்சு எங்க போச்சுன்னு தேடின?" அத்தை மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டாள். "நான் தேடலன்னா நீ ரெண்டே நாள்ல சலிச்சுப்போய் நிறுத்திட்டிருப்ப. எலி கத்தலன்னா கூகை எப்படி வரப்பு வரப்பா வரும்?"

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் ஒரு குரலையும் விடாமல் திருடி அத்தனை பேரையும் ஏமாற்றினவள் என்று பேர் வாங்கின நான், ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மூன்று மாசமும் குப்பு அத்தையிடம் சம்பளமில்லாத எலியாக உத்தியோகம் பார்த்திருக்கிறேன்.